கயிறு அறுந்தால் என்ஜினைப் பாருங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் சின்ன என்ஜினை நம்பிப் பிழைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். காலையில் தாமான் ஓரங்களில் முதுகில் மெஷினைச் சுமந்து புல் வெட்டுகிறார்கள். மத்தியானம் கட்டுமான இடங்களில் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஓடுகிறது. சாயங்காலம் பசார் மாலாமில் அப்பம், வடை, சாத்தே விற்கிற கடைகளுக்குப் பின்னால் ஜென்செட் உறுமுகிறது. தைப்பூச நேரத்தில் பத்துமலைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல்களுக்கு விளக்குக் கொடுப்பதும் அதே ஜென்செட்தான். இவை எல்லாவற்றையும் உயிர்ப்பிப்பது கையால் இழுக்கும் ஒரு கயிறு.

அந்தக் கயிறு அறுந்தால் அன்றைய கூலி நின்றுவிடும். மாதச் சம்பளக்காரருக்கு இது சின்ன விஷயம். புல் வெட்டுகிறவருக்கு அப்படி இல்லை. லோரி வந்துவிட்டது, ஆட்கள் வந்துவிட்டார்கள், வெயில் ஏறுகிறது, மெஷின் கிளம்பவில்லை. பாதி நாள் கடை தேடி அலைவதிலேயே போய்விடும்.

நான் குடியிருப்பது கிள்ளானில், வேலை பிரிக்பீல்ட்ஸில். வாரநாள்களில் கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரலுக்குப் போய் வருகிறேன். சனி, ஞாயிறுகளில் வீட்டு முன் கொட்டகையில் அக்கம்பக்கத்தாரின் சின்ன என்ஜின்களைப் பழுது பார்ப்பேன். அப்பா தோட்டத்தில் மெஷின் கொட்டகையில் வேலை செய்தவர். ஸ்பானர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். இத்தனை வருடத்தில் என் கொட்டகைக்கு அதிகம் வந்த பழுது இந்த ஸ்டார்ட்டர் கயிறு. அதனால்தான் நீளமாகவே எழுதுகிறேன். வேலை செய்கிறவர்கள் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுந்த கயிற்றை மாற்றுவது அரை மணி நேர வேலை. ஆனால் நல்ல கயிறு சும்மா அறுவதில்லை. ஏன் அறுந்தது என்று கண்டுபிடிக்காமல் புதுக் கயிறு கட்டினால், அதுவும் சீக்கிரம் அறுந்து கையில் வரும்.

மூடிக்குள் என்ன இருக்கிறது

கைப்பிடி தொங்குகிற அந்த வட்டமான மூடியைக் கழற்றித் திருப்பினால் உள்ளே இருப்பவை இவை. நடுத் தண்டில் மாட்டிய ரீல். அதில் சுற்றியிருக்கிற கயிறு. ரீலுக்கு அடியில், தகடு போன்ற எஃகைச் சுருட்டி வைத்த ஸ்பிரிங். அதன் ஒரு முனை மூடியிலும் மறுமுனை ரீலிலும் கொக்கி போட்டிருக்கும். ரீலின் முகத்தில் ஒன்றிரண்டு ரேட்செட் நகங்கள். நடு போல்ட்டில் ஒரு தட்டும் சின்ன ஸ்பிரிங்கும். நகங்களை வெளியே தள்ளுவது அவற்றின் வேலை.

கயிற்றை இழுத்தால் ரீல் சுற்றும், நகங்கள் வெளியே வரும், என்ஜின் பக்கமுள்ள கிண்ணத்தின் பள்ளங்களில் மாட்டிக்கொள்ளும். அந்தக் கிண்ணம் பிளைவீலோடு சேர்ந்தது. பிளைவீல் கிராங்க்கோடு சேர்ந்தது. என்ஜின் பற்றிக்கொண்டு கையைவிட வேகமாகச் சுற்ற ஆரம்பித்ததும் கிண்ணத்தின் சரிவே நகங்களை உள்ளே தள்ளிவிடும். கயிற்றை விட்டால் ஸ்பிரிங் அதைச் சுருட்டிக்கொள்ளும்.

பழைய என்ஜின்களில் இந்த ஸ்பிரிங் கிடையாது. கிராங்க் முனையில் ஒரு வெற்று புல்லி, விளிம்பில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். முடிச்சுப் போட்ட கயிற்றை அந்த வெட்டில் மாட்டி, கையால் சுற்றி இழுக்க வேண்டும். கிளம்பவில்லையென்றால் மறுபடி சுற்ற வேண்டும். அப்பா இப்படித்தான் பம்ப்செட் கிளப்பினார். என்ஜின் பின்னால் உதைத்தால் கயிறு கையையும் சேர்த்து இழுக்கும்.  மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங் அடுத்தடுத்து இழுக்க வசதி செய்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ரீலின் சுற்றளவு 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒன்றேகால் மீட்டர் கயிற்றை இழுத்தால் என்ஜின் ஐந்து சுற்றுச் சுற்றும். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் பெட்ரோல் எரியும். அப்படியானால் ஒரு இழுப்பில் அந்த என்ஜினுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வாய்ப்புகள்தான். பெட்ரோல், காற்று, தீப்பொறி மூன்றும் சரியாக இருந்தால் அது போதும். ஒன்று குறைந்தாலும் முப்பது தடவை இழுத்தும் பயன் இருக்காது. அந்த முப்பது இழுப்பில்தான் கயிறு தேய்கிறது.

கயிறு ஏன் அறுகிறது

முதல் காரணம், கிளம்பாத என்ஜினைக் கயிற்றால் தண்டிப்பது. ஜென்செட், பம்ப் இரண்டிலும் நம் ஊரில் அதிகம் பார்ப்பது ஹோண்டா ஜிஎக்ஸ் 160 அல்லது அதே அச்சில் செய்த சீன என்ஜின்கள். 163 சிசி, நான்கு ஸ்ட்ரோக். இவற்றில் பலவற்றுக்கு எண்ணெய் குறைந்தால் தீப்பொறியை நிறுத்தும் சென்சார் உண்டு. என்ஜின் எரிந்துபோகாமல் காப்பதற்காக வைத்தது. கிராங்க்கேஸில் மொத்தமே 0.6 லிட்டர்தான் எண்ணெய். கொஞ்சம் குறைந்தாலும், மெஷின் சரிவான இடத்தில் நின்றாலும் சென்சார் வேலை செய்துவிடும். இது தெரியாதவர் ஸ்டார்ட்டரைத் திட்டிக்கொண்டே இழுப்பார். ஆகவே கயிற்றில் கை வைக்கும் முன் சமதரையில் வைத்து எண்ணெய் பாருங்கள். பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா, சுவிட்ச் ஆனில் இருக்கிறதா, சோக் சரியா, மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோலா என்றும் பாருங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஜிஎக்ஸ் 160-இல் பிளக் இடைவெளி 0.7-இலிருந்து 0.8 மி.மீ.

இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. மேரு பக்கம் பசார் மாலாமில் அப்பம் விற்கிற அக்கா ஒருவர் தன் ஜென்செட்டைக் கொண்டுவந்தார். "தம்பி, கயிறு வாங்கி வாங்கியே ஓய்ஞ்சிட்டேன். இழுத்தா கல்லு மாதிரி நிக்குது. தோள் வலி வேற" என்றார். முழு ஸ்டார்ட்டரையே புதிதாக மாட்டியும் பார்த்திருக்கிறார். நான் இழுத்துப் பார்த்தபோதும் பாதியில் இடித்துக்கொண்டு நின்றது.

அந்த மாதிரி என்ஜினின் கேம் தண்டில் அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு சின்ன அமைப்பு உண்டு. மெதுவாகச் சுற்றும்போது மட்டும் அது எக்ஸாஸ்ட் வால்வை ஒரு மயிரிழை தூக்கிப் பிடிக்கும். அழுத்திய காற்றில் கொஞ்சம் வெளியேறிவிடும், இழுப்பது லேசாகும். என்ஜின் வேகம் எடுத்ததும் அது தானாக விலகிக்கொள்ளும். அது தூக்குவதே மயிரிழைதான் என்பதால், வால்வு இடைவெளி கூடிப்போனால் தூக்கல் அந்த இடைவெளியிலேயே காணாமல் போகும். பிறகு முழு அழுத்தமும் கயிற்றில் விழும். ஜிஎக்ஸ் 160-க்கு என்ஜின் ஆறியிருக்கும்போது இன்டேக் இடைவெளி 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. அக்காவின் ஜென்செட்டில் எக்ஸாஸ்ட் பக்கம் இதைவிட நன்றாகவே கூடியிருந்தது. பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்தி, இடைவெளி அளக்கும் பீலர் கேஜ் வைத்து, நட்டைத் தளர்த்திச் சரிசெய்தேன். அதே கயிற்றை அக்காவே ஒரு கையால் இழுத்துக் கிளப்பினார். அவர் வாங்கிய கயிறுகள் எல்லாம் நல்ல கயிறுகள்தான்.

மூன்றாவது, சிலிண்டருக்குள் திரவம். ஜென்செட்டை லோரியில் படுக்க வைத்துக் கொண்டுபோனால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கும். கார்புரேட்டர் ஊசி சரியாக மூடாவிட்டால் பெட்ரோல் இறங்கும். திரவத்தை அழுத்த முடியாது, கயிறு அசையாது. பலசாலி ஒருவர் விடாமல் இழுத்தால் கயிறு அறும், அல்லது ரீல் உடையும். பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக இழுங்கள். உள்ளே இருப்பது அந்தத் துளை வழியாக வெளியே தெறிக்கும். சுவிட்ச் ஆப்பில் இருக்கட்டும். பிளக் வயரைத் துளையிலிருந்து நன்றாக ஒதுக்கி வையுங்கள். முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

நான்காவது, பின்னால் உதைப்பது. கயிறு இழுபட்டபடியே திடீரென்று கையைப் பிடுங்கினால் பிளைவீல் சாவியைச் சந்தேகியுங்கள். கிராங்க்குக்கும் பிளைவீலுக்கும் நடுவில் இருக்கும் சின்ன உலோகத் துண்டு அது. அது வெட்டுப்பட்டால் பிளைவீல் இடம் மாறும், தீப்பொறி நேரம் தப்பும். ஓடிக்கொண்டிருந்த என்ஜின் கடினமான எதிலாவது இடித்துச் சட்டென்று நின்ற பிறகு இந்தத் தொல்லை வரும்.

கடைசிக் காரணம் இழுக்கும் கோணம். மூடியின் துளையில் ஒரு சின்ன வளையம் இருக்கும். கயிற்றை அதற்கு நேராக இழுக்காமல் பக்கவாட்டில் இழுத்தால், கயிறு அந்த விளிம்பில் உரசி அந்த இடத்திலேயே நைந்துபோகும். வளையத்தில் கூர்மையான பள்ளம் விழுந்திருந்தால் எத்தனை கயிறு மாற்றினாலும் அறுந்துகொண்டே இருக்கும். விரலால் தடவிப் பாருங்கள். கூர்மை இருந்தால் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள், அல்லது வளையத்தை மாற்றுங்கள்.

என்ன கயிறு வாங்குவது

பின்னிய நைலான் அல்லது பாலியெஸ்டர் கயிறு. பழைய கயிறு எத்தனை மி.மீ. பருமனோ அதே பருமன். முதுகு மெஷினுக்கு 3 மி.மீ. போல இருக்கும், ஜென்செட்டுக்கு அதைவிடத் தடிப்பு. அறுந்த இரண்டு துண்டையும் கடைக்குக் கொண்டுபோய் வைத்துக் காட்டுவது நல்லது. தடிப்பான கயிறு உறுதியாக இருக்கும் என்று வாங்காதீர்கள். அது ரீலில் அடங்காமல் மூடியில் சிக்கும். மெலிந்த கயிறு ரீலுக்கும் மூடிக்கும் நடுவில் இறங்கி மாட்டிக்கொள்ளும்.

அவசரத்துக்கு ராஃபியா கயிறோ, மீன்பிடிப் படகில் கட்டுகிற வழுக்கலான பாலிபுரோப்பிலீன் கயிறோ கட்டுகிறவர்கள் உண்டு. பாலிபுரோப்பிலீன் 160 டிகிரி சுற்றிலேயே உருகிவிடும். நைலான் உருக 220 டிகிரி அளவு வேண்டும். என்ஜின் சூட்டில், உரசல் சூட்டில் இந்த வித்தியாசம் பெரியது. பாலிபுரோப்பிலீனில் முடிச்சும் நிற்காது.

மாற்றும் முறை

முதல் வேலை, பிளக் மூடியைக் கழற்றி ஒதுக்குவது. இதைச் செய்யாமல் எதையும் தொடாதீர்கள். பிறகு ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றுங்கள். ஜிஎக்ஸ் 160-இல் மூன்று போல்ட், 10 மி.மீ. ஸ்பானர் ஒன்று போதும். மேஜையில் வைத்துக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரீல் எந்தப் பக்கம் சுற்றுகிறது, நகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பிறகு குழப்பம் வராது.

கயிறு அறுந்திருந்தால் ஸ்பிரிங் ஏற்கனவே தளர்ந்திருக்கும். மிச்சத் துண்டுகளை எடுத்து மொத்த நீளத்தை அளந்துகொள்ளுங்கள். முடிச்சுக்கும் சேர்த்து அதே நீளத்தில் புதுக் கயிற்றை வெட்டி, இரண்டு முனையையும் லைட்டரில் காட்டிப் பிரியாமல் உருக்கிவிடுங்கள். உருகிய முனையை வெறும் விரலால் உருட்டாதீர்கள். தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

இனி ரீலைக் கயிறு இழுபடும் திசையில் கையால் சுற்றுங்கள். சில சுற்றுகளில் ஸ்பிரிங் முழுக்க இறுகி, அதற்கு மேல் போகாது. அங்கேயே கட்டிவிடக் கூடாது. ஒரு சுற்றுப் பின்னால் விட்டு, ரீலின் துளையும் மூடியின் துளையும் நேராக வரும் இடத்தில் நிறுத்துங்கள். ரீல் திரும்பிவிடாமல் ஒரு ஸ்க்ரூ டிரைவரையோ கேபிள் டையையோ கொடுத்துப் பூட்டுங்கள். இந்த ஒரு சுற்று விடுவதுதான் முழு வேலையின் உயிர். கயிறு முழுதும் வெளியே வந்த பிறகும் ஸ்பிரிங்கில் இடம் மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முழு இழுப்பிலும் ஸ்பிரிங்கின் கொக்கியே உங்கள் பலத்தைத் தாங்கும், சீக்கிரம் ஒடியும்.

கயிற்றை வெளித்துளை வழியாக விட்டு ரீலின் துளையில் எடுத்து எட்டு வடிவ முடிச்சுப் போடுங்கள். முடிச்சு அதன் பள்ளத்தில் நன்றாக உட்காரட்டும். வெளியே துருத்தினால் நகத்தில் இடிக்கும். மறுமுனையில் கைப்பிடியைக் கோத்து அதற்குள் முடிச்சு. இப்போது பூட்டை எடுத்து, கயிற்றைக் கையில் பிடித்தபடியே ரீலை மெதுவாகச் சுருள விடுங்கள். பட்டென்று விட்டுவிட வேண்டாம்.

கைப்பிடி மூடியோடு ஒட்டி நிற்க வேண்டும். தொங்கினால் ஸ்பிரிங்குக்கு இறுக்கம் போதவில்லை; ரீலின் விளிம்பிலுள்ள வெட்டில் கயிற்றைத் தூக்கி வைத்து, ரீலை இழுக்கும் திசையில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். கையாலேயே பல முறை இழுத்துப் பாருங்கள். நகங்கள் ஒவ்வொரு முறையும் வெளியே வருகின்றனவா, கயிறு கடைசி வரை உள்ளே போகிறதா என்று பார்த்த பிறகே என்ஜினில் மாட்டுங்கள்.

மாட்டும்போது அப்பா சொல்லிக் கொடுத்த ஒரு முறை உண்டு. போல்ட்டுகளை இறுக்காமல் விரலால் மட்டும் திருகிவிட்டு, நகம் கிண்ணத்தில் பிடிக்கும் வரை கயிற்றை மெதுவாக இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த நிலையில் மூடி தன் நடுவைத் தானே கண்டுகொள்ளும். அப்படியே போல்ட்டுகளை மாறி மாறி இறுக்கினால் ரீல் ஒரு பக்கம் தேயாது.

கயிறு நன்றாக இருந்தும் இழுத்தால் என்ஜின் சுற்றாமல் வெறுமனே வருகிறதா? நகம் அழுக்கில் ஒட்டியிருக்கும், நுனி மழுங்கியிருக்கும், அல்லது நடு போல்ட் தளர்ந்திருக்கும். பிரித்துத் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். நகத்துக்குக் கிரீஸ் தடவாதீர்கள். புல் தூளும் மண்ணும் அதில் ஒட்டிப் பசையாகிவிடும். நடுத் தண்டுக்கு மட்டும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய்.

ஸ்பிரிங்கைத் தொடும்போது

இந்த வேலையில் மிகவும் ஆபத்தான இடம் இதுதான். சுருண்ட ஸ்பிரிங் மூடியிலிருந்து விடுபட்டால் மீட்டர் கணக்கில் விரிந்து பாயும். அதன் விளிம்பு கத்தி. கண்ணாடியும் தடித்த கையுறையும் இல்லாமல் ரீலைத் தூக்காதீர்கள். பிள்ளைகள் எட்டிப் பார்க்கும்போது தூக்கவே தூக்காதீர்கள். ரீலை எடுக்கும்போது ஸ்பிரிங் மூடியோடு கீழேயே தங்கும்படி ஸ்க்ரூ டிரைவர் நுனியால் மெல்ல அழுத்திக்கொள்ள வேண்டும்.

ஸ்பிரிங் நடுவில் ஒடிந்திருந்தால் புதிது வாங்குவதைத் தவிர வழியில்லை. முனைக் கொக்கி மட்டும் ஒடிந்திருந்தால் காப்பாற்றலாம். முனையில் ஒரு விரல் நீளத்தை மட்டும் சிவக்கச் சூடாக்கி, ஆறவிட்டு, குறட்டால் புதுக் கொக்கி வளைக்க வேண்டும். சூடு மற்ற இடத்துக்குப் பரவினால் அங்கே ஸ்பிரிங் தன் விறைப்பை இழந்துவிடும். புது ஸ்பிரிங் கம்பி கட்டி வரும். மூடிக்குள் உட்கார வைத்த பிறகே கட்டை எடுங்கள்.

வெள்ளம் பார்த்த மெஷின்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2021 டிசம்பர் 18 அன்று ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் கூரை வரை ஏறியதை நாம் யாரும் மறக்க மாட்டோம். தண்ணீர் வடிந்த பிறகு சேற்றைக் கழுவ ஆளாளுக்கு ஜென்செட்டும் பம்ப்பும் தேடினார்கள். முழுகிய மெஷின்களை வெளியே எடுத்து வைத்து, ஓடுகிறதா என்று உடனே கயிறு இழுத்துப் பார்ப்பது அந்த நேரத்தில் எல்லோருக்கும் தோன்றுவதுதான். செய்யவே கூடாத காரியம் அது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கயிறு அறும், ரீல் உடையும். எண்ணெயோடு கலந்திருந்தால் பேரிங்குகள் கெடும். முதலில் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். எண்ணெயையும் பெட்ரோலையும் முழுக்க வடித்துவிட வேண்டும். ஏர் பில்டரையும் ஸ்டார்ட்டரையும் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவிக் காய வைத்து, ஸ்பிரிங்குக்கு மெல்லிய எண்ணெய் தடவ வேண்டும். அன்றே செய்தால் மெஷின் பிழைக்கும். ஒரு வாரம் விட்டால் ஸ்பிரிங் துருவேறி ஒட்டிக்கொள்ளும்.

முதுகு மெஷின்

புல் வெட்டும் மெஷினைப் பற்றி எழுதும்போது தோட்டத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பால்மரத் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் நம் பெண்கள் முதுகில் மருந்து டின்னைச் சுமந்து களைக்கொல்லி அடித்தார்கள். அதில் முக்கியமானது பாராகுவாட். மருந்தடித்த பெண்களின் உடம்பு என்ன ஆனது என்பதை 2002-இல் தெனாகனித்தா அமைப்பு ஆய்வு செய்து வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் தடை கொண்டுவந்தது, 2006-இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல்தான் மலேசியாவில் அந்த மருந்து முழுவதுமாகத் தடையானது. முதுகில் விஷம் சுமந்தவர்களின் பிள்ளைகள் இன்று முதுகில் என்ஜினைச் சுமக்கிறார்கள். வேலை இன்னும் கடினம்தான். ஆனால் அந்த விஷத்தை மூச்சில் இழுக்கவில்லை. அந்த என்ஜின் நன்றாக ஓடவேண்டும் என்று நான் அக்கறைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதுகு மெஷின் பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக். ஒவ்வொரு சுற்றிலும் எரிவதால் நீள இழுப்புத் தேவையில்லை. கயிறு முழுதும் வர இழுக்காதீர்கள். பல மாடல்களில் நகங்கள் பிளைவீல் பக்கம் இருக்கும். ரீலில் பல் மட்டும் இருக்கும். ரீல் பெரும்பாலும் பிளாஸ்டிக். ஆகவே தேய்ந்த பல், விரிசல் விட்ட மையம் இரண்டையும் பாருங்கள். சில புதிய மாடல்களில் இழுப்பதை லேசாக்க இரண்டாவதாக ஒரு ஸ்பிரிங் இருக்கும். அது முதலில் சக்தியைச் சேர்த்து வைத்துப் பிறகு என்ஜினைச் சுற்றும். அதை மெதுவாகத்தான் இழுக்க வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் உடையும்.

காய்ந்த புல் தூள் மூடியின் காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் தூரிகையால் தட்டிவிட்டால் ஸ்டார்ட்டரும் தப்பும், என்ஜினும் சூடாகாமல் இருக்கும். கிளப்பும்போது தரையில் வைத்துக் கிளப்புங்கள். பிளேடுக்கு அருகில் யாரும் நிற்கக் கூடாது. திராட்டில் பாதியில் நின்றால் கிளம்பின உடனேயே பிளேடு சுற்றும்.

இழுக்கும் முறை

காப்பாரில் பல வருடமாகப் புல் வெட்டுகிற ஓர் அண்ணன் புது ஆட்களுக்குச் சொல்வதையே எழுதுகிறேன்: "தம்பி, முதல்ல மெதுவா இழு. எங்க கனமா நிக்குதோ அங்க நிறுத்து.  அப்புறம் ஒரே இழுப்பு. கயித்த கையோட கொண்டு போய் விடு, தூக்கிப் போடாத."

ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் உண்டு. மெதுவாக இழுக்கும்போது நகம் பிடித்துக்கொள்கிறது, தளர்வு போகிறது. கனமாக நிற்கும் இடம் பிஸ்டன் காற்றை அழுத்தும் இடம். அங்கிருந்து தொடங்கினால் அடுத்த அழுத்தத்துக்குள் பிளைவீல் வேகம் எடுத்துவிடும். தளர்வோடு வெடுக்கென்று இழுத்தால் நகத்தின் நுனி கிண்ணத்தில் மோதித் தெறிக்கும். கைப்பிடியைத் தூக்கிப் போட்டால் அது மூடியில் அடிக்கும். ஸ்பிரிங்கும் கொக்கியும் அதிரும். அந்த அண்ணனின் மெஷின் பழையது, பெயின்டெல்லாம் போய்விட்டது. கயிறு மட்டும் எப்போதும் சீராக உள்ளே போகும்.

கடைசியாக

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸ், செந்தூலில் ரயில் பட்டறை, கிள்ளானைச் சுற்றிய தோட்டங்களில் மெஷின் கொட்டகை என்று இந்தப் பள்ளத்தாக்கில் நம்மவர்கள் இரும்போடும் எண்ணெயோடும் பழகிய சரித்திரம் நீளமானது. தோட்டங்கள் வீட்டு மனைகளாயின. குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கு வந்தன. அப்பாக்களின் கையில் இருந்த வேலை பிள்ளைகளின் கைக்கு வரவில்லை. கயிறு அறுந்த மெஷினை ஓரம் கட்டிவிட்டுக் கடன் வாங்கிப் புது மெஷின் வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். தூக்கி எறியப்பட்டவற்றில் பலவற்றுக்கு ஒரு துண்டுக் கயிறும் ஒரு பீலர் கேஜும் போதுமாக இருந்தது. எனக்கு அது வருத்தம் தருகிறது.

வேனிலோ லோரியிலோ ஒரு சின்னப் பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். சரியான பருமனில் இரண்டு மீட்டர் கயிறு, 10 மி.மீ. ஸ்பானர், பிளக் ஸ்பானர், ஒரு புது பிளக், பீலர் கேஜ், லைட்டர், பாதுகாப்புக் கண்ணாடி. இவ்வளவுதான். கயிறு அறுந்தால் முதலில் எண்ணெயையும் பிளக்கையும் வால்வு இடைவெளியையும் பாருங்கள். வளையத்தைத் தடவிப் பாருங்கள். அப்புறம் கயிறு கட்டுங்கள். கட்டும்போது உங்களோடு வேலைக்கு வருகிற இளைஞனையோ வீட்டுப் பிள்ளையையோ கூப்பிட்டு, பெண் பிள்ளையானாலும் சரி, கண்ணாடி மாட்டிவிட்டு, அடுத்த முடிச்சை அவர்கள் கையாலேயே போட வையுங்கள்.